சான்றிதழில் 75 மி.மீ., தரையில் 24 மி.மீ.: ஒரு குடியிருப்பு விளையாட்டுத் திடலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்குத் தெற்கே, இருநூற்றுச் சொச்சம் வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. நானும் அங்கேதான் குடியிருக்கிறேன். தொழில் கட்டுமானப் பொறியியல் என்பதால், திடல் விவகாரம் கிளம்பியபோது சங்கத்தினர் என்னையும் துணைக்குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஆளையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு மற்றதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நிறையக் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் இதே மாதிரி கலர் ரப்பர் தரை போடுகிறார்கள். அதற்குக் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திடல் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பில்டர் ஒப்படைத்தபோது தரை முழுக்க ஆற்று மணல் இருந்தது. பூனைகள் அசிங்கம் செய்கின்றன, எறும்பு கடிக்கிறது, பிள்ளைகள் மணலை லிஃப்ட்டுக்குள் கொண்டுவருகிறார்கள், மழைநீர்க் குழாய் அடைக்கிறது என்று பல வருடப் புகார். பொதுக்குழுவில் கைதூக்கி, மணலை அள்ளிவிட்டுக் கான்கிரீட் போட்டு மேலே இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் குருணையால் ஆன தரை போடுவது என்று முடிவானது. நானும் கைதூக்கினேன். மணலை ஒரு குப்பைத் தொல்லையாக மட்டும்தான் அன்று பார்த்தோம். விழுகிற பிள்ளையை அது தாங்கிக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

சாதனங்கள் பழையவையே: 1.2 மீட்டர் உயர மேடையும் சறுக்கும் உள்ள மல்டிப்ளே ஒன்று, குறுக்குக் குழாய் 2.3 மீட்டர் உயரத்தில் உள்ள இரட்டை ஊஞ்சல், 2.1 மீட்டர் உயரத்தில் கைமாற்றித் தொங்கிப் போகிற மங்கி பார், ஒரு சீசா. புதுத் தரைக்கான வொர்க் ஆர்டரில் இருந்தது ஒரே வரி: "இபிடிஎம் தரை, பன்னாட்டுப் பாதுகாப்புத் தரச் சான்றிதழுடன்." எத்தனை மில்லிமீட்டர் என்று இல்லை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தாங்க வேண்டும் என்றும் இல்லை. நீலம், பச்சை, நடுவில் ஒரு சூரியகாந்திப் பூ என்று வண்ணத்துக்கு மட்டும் தனிப் படம் இணைத்திருந்தோம்.

விழுந்த அன்று

தரை போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஜூன் மாத ஞாயிறு மாலை, ஏழு வயதுச் சிறுமி மங்கி பாரின் நான்காவது கம்பியில் கை வழுக்கி விழுந்தாள். கையை ஊன்றி விழுந்ததில் இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்தன. தலையில் அடியில்லை. கட்டுப் போட்டு ஆறு வாரத்தில் கை கூடியது.

மறுநாள் இரவு கூட்டத்தில் அவளுடைய அப்பா கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ரப்பர் தரைன்னுதானே எல்லார்கிட்டயும் காசு வாங்கினீங்க? அப்புறம் எப்படி சார் உடைஞ்சுது?" செயலாளர் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "சார், சர்டிஃபிகேட் குடுத்திருக்கோமே, ஃபைல்ல பாருங்க" என்றார் அவர். ஃபைலில் சான்றிதழ் இருந்தது. அன்றுவரை நாங்கள் யாரும் அதன் முதல் பக்கத்தைத் தாண்டிப் படித்திருக்கவில்லை.

அன்று இரவே எடுத்த முதல் முடிவு, காரணம் தெரியும்வரை மங்கி பாரையும் ஊஞ்சலையும் மூடுவது. கயிறு கட்டினால் பிள்ளைகள் குனிந்து நுழைந்துவிடுவார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். அவர் சொன்னது சரி. ஊஞ்சல் சங்கிலிகளைக் கழற்றினோம், மங்கி பாரின் ஏறும் படிகளை அவிழ்த்து வைத்தோம். சாதனம் நின்றது, ஏற வழியில்லை.

தரையை அறுத்துப் பார்த்தபோது

அடுத்த சனிக்கிழமை காலை, மங்கி பாரின் காலருகே கண்ணில் படாத ஓரமாகப் பார்த்து, கார்ப்பெட் அறுக்கும் கத்தியால் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்தேன். கீழே பிசிசி கான்கிரீட் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. துண்டைப் பக்கவாட்டில் திருப்பி ஸ்டீல் ஸ்கேலை வைத்தோம். மேலே பச்சை இபிடிஎம் 9 மி.மீ.; அதற்கடியில் பழைய டயரை அரைத்துப் பசையில் குழைத்த கறுப்புக் குருணை 15 மி.மீ. மொத்தம் 24. கையில் வைத்து இரண்டு விரலால் அழுத்தினால் அமுங்கியது. தொட்டால் மெத்தென்றுதான் இருந்தது. நடக்கிறவரின் பாதத்துக்கு அந்த மென்மை போதும். விழும் தலைக்குப் போதுமா என்பதை விரலால் அழுத்திச் சொல்ல முடியாது.

கூட்டத்தில் விளக்க நான் போட்ட கணக்கு சின்னது. விழுகிற உடல் கீழே வரும்போது ஒரு வேகம் இருக்கும். 2.1 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் அடியின் கடுமை. விழுந்த உயரத்தைத் தரை அமுங்கிய தூரத்தால் வகுத்தால், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல எத்தனை மடங்கு சராசரியாகத் தாக்குகிறது என்று தோராயமாகக் கிடைத்துவிடும். தரை 10 மி.மீ. அமுங்கினால் 2100-ஐ 10-ஆல் வகுக்க 210 மடங்கு. 40 மி.மீ. அமுங்கினால் 50 மடங்கு சொச்சம். உச்சத் தாக்கு சராசரியைவிட மேலும் அதிகம். 24 மி.மீ. கனமுள்ள ரப்பர் எவ்வளவுதான் நசுங்கும்? பாதி நசுங்கினாலே அதற்குமேல் இறுகிவிடும், பிறகு கான்கிரீட்தான்.

சான்றிதழில் என்ன இருந்தது

சான்றிதழ் போலி இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுவில் பாதிப் பேர் அது போலி என்றே நினைத்தார்கள். ஒரு வெளிநாட்டு ஆய்வுக்கூடம், அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1292 தரத்தின்படி ரப்பர் மாதிரி ஒன்றைச் சோதித்துக் கொடுத்த உண்மையான அறிக்கை. மூன்றாம் பக்கத்தில் அட்டவணை: மாதிரியின் கனம் 75 மி.மீ., எல்லை விழு உயரம் 2.1 மீட்டர். நம் மங்கி பாரின் உயரமும் அதேதான். 75 மி.மீ. போட்டிருந்தால் கதை வேறு. அறிக்கை நான்கு வருடம் பழையது, நம் திடலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

எல்லை விழு உயரம் என்ற சொல்லைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எல்லாக் குழப்பமும் இதில்தான். ஒரு தரைப் பொருள் 'பாதுகாப்பானது' என்று பொதுவாகச் சான்று பெற முடியாது. இன்ன கனத்தில், இன்ன உயரம்வரை விழுந்தால் தலைக்கு வரும் அடி வரம்புக்குள் இருக்கும் என்றுதான் சான்று சொல்லும். வரம்புகள் இரண்டு. உச்ச முடுக்கம் ஜி-மேக்ஸ் 200-ஐ, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 200 மடங்கைத், தாண்டக் கூடாது. தலைக்காய அளவுகோலான எச்.ஐ.சி. 1000-ஐத் தாண்டக் கூடாது. எச்.ஐ.சி. கார் விபத்து ஆய்வில் பிறந்தது. டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தலை எவ்வளவு தாக்குதலை எவ்வளவு நேரம் தாங்கும் என்று வரைந்த வளைகோட்டிலிருந்து வந்து, 1970-களில் அமெரிக்கக் கார் பாதுகாப்பு விதிகளில் இடம்பிடித்தது. தாக்கின் அளவோடு அது நீடித்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும். ஐரோப்பியத் தரமான இ.என். 1177-உம் எச்.ஐ.சி. 1000-ஐத்தான் வைத்திருந்தது; 2018 பதிப்பில் 200 ஜி வரம்பையும் சேர்த்துக்கொண்டது.

1000-க்குக் கீழே வந்தால் காயமே வராது என்று பொருளில்லை. உயிருக்கு ஆபத்தான தலைக்காயத்தின் வாய்ப்பைக் குறைக்க வைத்த கோடு அது. கையை ஊன்றி விழும்போது எலும்பு முறிவதை இந்தச் சோதனை அளப்பதே இல்லை. சிறுமியின் அப்பாவிடம் இதை நேரில் போய்ச் சொன்னேன். "உங்க பொண்ணுக்கு நடந்தது இந்தச் சோதனைல தேறின தரையிலயும் நடந்திருக்கலாம். ஆனா அவ தலைகீழா விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு சோதிச்சாத்தான் தெரியும்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சோதிங்க சார்" என்றார்.

சோதனை நாள்

தரையைச் சோதிக்கும் கருவி உள்ள ஒரு நிறுவனத்தை வெளியூரிலிருந்து வரவழைத்தோம். கட்டணம் தரை போட்ட செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் "உடைஞ்ச கையை டெஸ்ட் ஒட்டிடுமா?" என்று ஒருவர் ஆட்சேபித்தார். காண்ட்ராக்டர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று அவரையும் எழுத்தில் அழைத்தோம், வந்தார். பின்னால் வாக்குவாதம் குறைந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கருவி எளிமையானது. முக்காலி ஒன்று, அதிலிருந்து தொங்கும் அரைக்கோள வடிவ உலோகத் தலை ஒன்று. விட்டம் 160 மி.மீ., எடை 4.6 கிலோ, உள்ளே முடுக்கமானி. ரிமோட்டை அழுத்தினால் பிடி விட்டு விழும். உச்ச ஜி, எச்.ஐ.சி. இரண்டும் திரையில் வந்துவிடும். ஒரே இடத்தில் மூன்று முறை போட்டு, முதல் முறையை விட்டுவிட்டு அடுத்த இரண்டின் சராசரியை எடுக்கிறார்கள். ரப்பர் குளிரில் இறுகும், சூட்டில் இளகும் என்பதால் தரையின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார்கள். நண்பகல் வெயிலில் சோதித்தால் தரைக்குச் சலுகை கிடைத்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லியிருந்தோம்.

முதலில் மல்டிப்ளே மேடையருகே, 1.2 மீட்டரிலிருந்து. ஜி-மேக்ஸ் 250, எச்.ஐ.சி. 1,840. எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்து மங்கி பாரின் கீழே, 2.1 மீட்டரிலிருந்து. அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம். மெத்தை மேல் விழும் 'தொப்' இல்லை. தேங்காயைக் கல்லில் போட்டது போல 'டக்'கென்று. பால்கனிகளில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். ஜி-மேக்ஸ் 340, எச்.ஐ.சி. 3,700-ஐத் தாண்டியது. அந்த இடத்தில் சோதனையாளர் மறுமுறை போடவில்லை. ஊஞ்சலுக்கு 2.3 மீட்டரில் போடவே மறுத்துவிட்டார். "தேவையில்ல சார், கருவிதான் கெடும்" என்றார்.

காண்ட்ராக்டர் சண்டை போடவில்லை. கேட்ட விலைக்கு இந்தக் கனம்தான் வரும், எல்லா இடத்திலும் இதையே போடுகிறோம், இதுவரை யாரும் அளந்ததில்லை என்றார். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்பதுதான் என்னை அதிகம் கலங்கடித்தது.

எந்த உயரத்துக்கு?

தரையை மாற்றுவதற்கு முன் எந்த உயரத்தைத் தாங்க வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும். இங்கே தரநூல்கள் ஒன்றுபோல் பேசுவதில்லை. ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க முறையில் விழு உயரம் என்பது சங்கிலி தொங்கும் குறுக்குக் குழாயின் உயரமே: நமக்கு 2.3 மீட்டர். ஐரோப்பிய இ.என். 1176 முறையில் சங்கிலி நீளத்தில் பாதியோடு இருக்கை உயரத்தைக் கூட்ட வேண்டும்: 1.9 மீட்டர் சங்கிலி, 0.4 மீட்டர் இருக்கை என்றால் 1.35 மீட்டர். ஒரே ஊஞ்சலுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வித்தியாசம்.

மணலிலும் அதே கதை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு 9 அங்குல மணலுக்கு 4 அடி உயரம்தான் கொடுக்கிறது. ஐரோப்பிய அட்டவணையோ 30 சென்டிமீட்டர் மணலுக்கு 3 மீட்டர்வரை அனுமதிக்கிறது. சிதறிப் போவதற்காக மேலும் 10 சென்டிமீட்டர் போடச் சொல்கிறது. ஐரோப்பா சொல்லும் மணல் 0.2 முதல் 2 மி.மீ. குருணை, களியோ வண்டலோ கலக்காதது. எந்த மணல் என்பதைப் பொறுத்தே தாங்கும் உயரம். ஆகவே கணக்குக்கு அமெரிக்க உயரத்தை எடுத்துக்கொண்டு, முடிவை நம் தரையில் போட்டுப் பார்க்கும் சோதனைக்கு விடுவது என்று தீர்மானித்தோம்.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

திடல் முழுக்கத் தடித்த ரப்பர் போட்டால் செலவு தாங்காது. முழுக்க மணலுக்குத் திரும்பினால் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பையனுக்கு வழியில்லை. ரப்பர் தரைக்குப் பிறகுதான் அவன் முதல் முறையாகத் தாத்தாவின் துணையின்றிச் சறுக்கின் அருகே வந்தான். அவனை மறுபடி வெளியே நிறுத்த யாருக்கும் மனமில்லை.

அதனால் திடலை இரண்டாகப் பிரித்தோம். மல்டிப்ளேயும் சீசாவும் இருக்கும் பகுதியில் பழைய ரப்பரை உரித்தெடுத்துவிட்டு 65 மி.மீ. புது ரப்பர்: கறுப்பு 50, மேலே வெளிர்நிற இபிடிஎம் 15. நிறத்தை வெளிரச் செய்தது வெறுங்காலோடு வரும் பிள்ளைகளுக்காக. பழைய அடர்பச்சை சித்திரை வெயிலில் காலைச் சுட்டது. ஊஞ்சலும் மங்கி பாரும் நிற்கும் பகுதியில் கான்கிரீட்டையே உடைத்துத் தோண்டி 40 சென்டிமீட்டர் மணல், அடியில் வடிகால்.

மங்கி பாரை 2.1-லிருந்து 1.7 மீட்டராகக் குறைத்தோம். அமெரிக்கக் கையேடு பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு 84 அங்குலம், அதாவது 2.1 மீட்டர், வரை இடம் தருகிறது. நாலைந்து வயதுக்கு 60 அங்குலம்தான். நம் திடலில் வயது பார்த்து யாரும் ஏறுவதில்லை. இதை எதிர்த்தவர்களும் உண்டு, குறிப்பாகப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெற்றோர். ஆனால் கை முறிவைக் குறைக்க எங்கள் கையில் இருந்த நேரடியான வழி உயரத்தைக் குறைப்பதுதான். மணலும் இதில் உதவுகிறது. 2009-இல் வெளியான ஆய்வொன்றில், கனடாவின் டொராண்டோ பள்ளிகளில் மணல் தரையையும் மரநார்த் தரையையும் ஒப்பிட்டார்கள். மரநாரில் விழுந்து கை முறிவது மணலைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. மணலில் ஊன்றிய கை வழுக்கி நகர்ந்துவிடுகிறது. பிடித்து நிறுத்தும் தரையில் முழு வேகமும் எலும்புக்குப் போகிறது.

புது வொர்க் ஆர்டரில் ஒவ்வொரு சாதனத்தின் விழு உயரம், தரையின் கனம், கனத்தை அறுத்து அளக்கும் உரிமை எல்லாம் வந்தன. தொகையில் ஒரு பங்கைப் பிடித்தம் வைத்து, திடலில் நடக்கும் சோதனையில் எல்லா இடமும் தேறிய பிறகே கொடுப்பது என்றும் எழுதினோம். பழைய காண்ட்ராக்டரும் கொட்டேஷன் கொடுத்தார். வேலை வேறொருவருக்குப் போனது.

வேலை நடந்த விதம்

மணல் வந்த முதல் லாரியே தகராறு. ஆற்று மணல் கிடைக்கவில்லை என்று எம்-சாண்ட் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. கட்டடக் கலவைக்கு அது நல்ல பொருள். உடைத்த கல்லின் கூர்முனையும் நுண்தூளும் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும். கான்கிரீட் கலவைக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 383, உடைத்த கல் மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15 சதவீதம்வரை இருக்க விடுகிறது. கலவைக்கு எது குணமோ அதுவே இங்கே குற்றம்.

துணைக்குழுவில் இருந்த ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு அந்த மணலைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அலுவலக மேசைமேல் வைத்தார். ஒரு மணி நேரத்தில் மணல் அடியில் தங்கியது. அதன்மேல் சாம்பல் நிறச் சேறாக விரல் கனத்துக்கு ஒரு படிவு. "இது மழையில நனைஞ்சு காஞ்சா என்ன ஆகும்னு பாருங்க தம்பி" என்று ஒரு வாளியில் நனைத்து வெயிலில் வைத்தார். மூன்றாம் நாள் வாளியைக் கவிழ்த்தோம். கொழுக்கட்டை போல உருவம் கலையாமல் நின்றது. லாரிச் சரக்கு திரும்பிப் போனது. சலித்துக் கழுவிய உருண்டைக் குருணை மணலுக்கு மூன்று வாரம் காத்திருந்தோம், விலையும் கூடியது. அந்த மூன்று வாரமும் பிள்ளைகள் கார் நிறுத்துமிடத்தில் விளையாடினார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

இரண்டாம் சோதனை

அதே சோதனையாளர், அதே கருவி. மணல் பகுதி நன்றாகத் தேறியது. மங்கி பார் கீழே 1.7 மீட்டருக்கு ஜி-மேக்ஸ் 110, எச்.ஐ.சி. 470. ஊஞ்சல் முன்னே 2.3 மீட்டருக்கு 135, 730. ஒவ்வொரு முறை விழுந்தபோதும் மணலில் கிண்ணம் போல ஒரு குழி விழுந்தது. அந்தக் குழியைப் பார்த்தபோது ஸ்கேல் வைத்துப் போட்ட கணக்கு கண்முன் வந்தது.

ரப்பர் பகுதியில்தான் எதிர்பாராதது. ஆறு இடங்களில் நான்கு தேறின, 1.2 மீட்டருக்கு எச்.ஐ.சி. 620 அளவில். இரண்டு தேறவில்லை.

முதலாவது, விளிம்பில். 65 மி.மீ. ரப்பரைப் பேவர் பிளாக் பாதையோடு இணைக்கும்போது படி வரக் கூடாது, சக்கர நாற்காலி ஏற வேண்டும் என்று நாங்களே சரிவு கேட்டிருந்தோம். காண்ட்ராக்டர் ரப்பரின் கனத்தைக் குறைத்துக்கொண்டே போய்ச் சரிவு கொடுத்துவிட்டார். மேடையிலிருந்து ஒன்றரை மீட்டரிலேயே சரிவு ஆரம்பித்தது. விழும் பகுதியோ, அதாவது சாதனத்தைச் சுற்றிப் பிள்ளை விழக்கூடிய இடமோ, 6 அடி, 1.8 மீட்டர்வரை. அந்த மெலிந்த இடத்தில் ஜி-மேக்ஸ் 235, எச்.ஐ.சி. 1,670. அவர்மேல் பழி போட முடியாது. சரிவு எங்கே தொடங்க வேண்டும் என்று வரைபடத்தில் நான் குறிக்கவில்லை.

இரண்டாவது, மல்டிப்ளேயின் ஒரு காலருகே. எச்.ஐ.சி. 1,400. அறுத்துப் பார்த்தால், காலை நட்ட அடித்தளக் கான்கிரீட் கட்டி மற்ற தளத்தைவிட 40 மி.மீ. மேலே துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் 25 மி.மீ. ரப்பர்தான். மேலிருந்து பார்த்தால் தரை ஒரே மட்டம்; சோதனை இல்லாமல் இது தெரிய வழியே இல்லை.

பாதையில் ஒரு வரிசை பேவர் பிளாக்கை எடுத்துச் சரிவை விழும் பகுதிக்கு வெளியே தள்ளினோம். கான்கிரீட் கட்டியின் தலையைச் செதுக்கி மறுபடி ரப்பர் போட்டார்கள். மூன்றாம் முறை அந்த இரண்டு இடங்களை மட்டும் சோதித்து, தேறிய பிறகே பிடித்தத் தொகை போனது. பிடித்தம் வைத்திராவிட்டால் இந்த இரண்டும் அப்படியே கிடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு

ஊஞ்சல் கால்களிலும் மங்கி பார் கால்களிலும் மணல் மட்டம் எங்கே இருக்க வேண்டும் என்று சிவப்புப் பெயின்டில் கோடு போட்டிருக்கிறோம். தோட்ட வேலை செய்யும் அம்மா வாரம் இருமுறை வாரிச் சமப்படுத்துகிறார். முதல் மூன்று மாதத்தில் ஊஞ்சலின் கீழே, பிள்ளைகள் காலால் உதைக்கும் இடத்தில், 40 சென்டிமீட்டர் மணல் 22 ஆகியிருந்தது. கோடு தெரிந்ததால் வாட்ச்மேன் சொன்னார். கோடு இல்லாவிட்டால் பள்ளம் என்றே யாருக்கும் தோன்றியிராது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மணலைக் கிளறி, பாட்டில் சோதனை செய்து பார்க்கிறோம். பூனைகளுக்காக இரவில் வலை போர்த்துகிறோம், முழுதாகத் தீரவில்லை. புகாரும் வருகிறது. பதில் சொல்லும்போது இப்போது எண்களைக் காட்ட முடிகிறது.

வேலை முடிந்த பிறகும் ஒரு முறிவு நடந்தது: ஒன்பது வயதுப் பையன் ஓடும்போது தடுக்கி விழுந்து விரல் எலும்பில் விரிசல். அது சாதனத்திலிருந்து விழுந்ததில்லை. இதையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். இப்போது எந்தக் காயமானாலும் இடம், உயரம், தரை, நேரம் நான்கும் எழுதப்படுகின்றன. முன்பு இந்தப் பதிவேடே கிடையாது. ஆகவே முன்னைவிடக் காயம் குறைந்ததா என்று கேட்டால் எண்ணால் பதில் சொல்ல எங்களிடம் எதுவுமில்லை.

மறுபடி செய்வதானால்

மணலை அள்ளுவதற்கு முன்பே சாதனங்களின் உயரத்தை டேப் வைத்து அளந்து ஒரு காகிதத்தில் எழுதியிருப்பேன். அந்த ஒரு காகிதம் இருந்திருந்தால் கொட்டேஷன் கேட்கும்போதே கனம் கேட்டிருப்போம். சான்றிதழ் கேட்பதோடு நிறுத்தாமல், அதில் உள்ள மாதிரியின் கனத்தை நம் வொர்க் ஆர்டரின் கனத்தோடு ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருப்பேன். தரை போடும் நாளில், கறுப்புக் குருணை காய்வதற்குள் ஊசி குத்தி நாலு இடத்தில் ஆழம் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. இரண்டாம் முறை அதைச் செய்தோம், ஆனால் நடுவில் மட்டும் குத்திப் பார்த்தோம், விளிம்பிலும் கால்களருகிலும் பார்க்கவில்லை. தேறாத இரண்டும் அங்கேதான் இருந்தன.

பெற்றோரிடம் பேசிய விதத்தையும் மாற்றியிருப்பேன். தரை மாறினால் கை உடையாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அப்படி நினைத்தவர்களைத் திருத்தவும் தாமதித்தோம்.

சக்கர நாற்காலியில் வரும் பையன் விஷயம் பாதிதான் முடிந்திருக்கிறது. மல்டிப்ளேவரை தானாக வருகிறான். ஊஞ்சல் மணலுக்குள் இருக்கிறது. மணலின் விளிம்பில் நாற்காலியை நிறுத்தி, தங்கை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஊஞ்சல் ஒன்றின் கீழே மட்டும், 2.3 மீட்டரைத் தாங்கும் கனத்தில் ரப்பர் போட்டு, அதற்குப் பாதையும் அமைத்து, சாய்ந்து உட்காரும் இருக்கை மாட்ட கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். சரிவு எங்கே தொடங்க வேண்டும் என்பதை இந்த முறை வரைபடத்தில் குறித்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் வைக்கப்போகிறோம்.